வருந்தினர் அறை

குணமணியக்காவை ஸ்டேசன் வேலைக்காரி என்று சொல்லுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. சம்பளத்துக்கு அவர் கூட்டித் துடைக்கிறவர்தான். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாகப் ரயில் ஸ்டேசனின் பெண்கள் தங்கும் அறையை ஆண்டவர் அவர். வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனதோடு புருசன் வேலனின் வேலையும் போயிற்று. அடுத்த வருடம், ஐம்பத்தெட்டில், இவர் ஸ்டேசனைக் கூட்டத் தும்புத்தடியைக் கையில் எடுத்தார். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் பின்வளவில்தான் குடியிருந்தார்கள்.

அந்த அறையில் அப்படி என்ன இருந்தது? குந்தியிருக்க இரண்டு மர வாங்கு, ஒரு தண்ணீர்க் குழாய், உள்ளே கொண்டி போட்ட கதவு. அவ்வளவுதான். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மத்தியானமே வந்து சேருகிற பெண்களுக்குக் கோச்சி வரும்வரை இருக்க வேறிடம் கிடையாது. முக்காட்டைத் தளர்த்தி ஆறுவதும், பிள்ளைக்குப் பால் கொடுப்பதும், தொழுவதும், சோற்றுப் பார்சலை அவிழ்ப்பதும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

எண்பத்தொன்றில் ஸ்டேசனைப் புதுப்பிக்க வந்தார்கள். நிலாவெளிக்கு உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள், இடம் லட்சணமாக இருக்கவேண்டுமாம். மேடைக்குப் புதுச் சீமெந்து, கூரைக்குப் புது நிறம், வாசலில் பூச்சாடி. சரி, நல்லது. ஆனால் பெரிய மனிதர்கள் இருக்க ஓர் அறை வேண்டும் என்று வந்தபோது மேலிடத்தின் கண்ணில் பட்டது எது? பெண்களின் அறை! வாங்குகளை வெளியே போட்டுவிட்டு மெத்தைக் கதிரைகளை இறக்கினார்கள். பெண்கள் எங்கே இருப்பது என்று கேட்டதற்கு, மேடை பெரிதுதானே என்றார் வேலையை எடுத்துச் செய்த கொந்திராத்துக்காரர். அவருடைய பெண்சாதியை அந்த மேடையில் இருந்து பால் கொடுக்கச் சொல்லியிருக்கவேண்டும்.

வாசலில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை மாட்டினார்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. ‘விருந்தினர் அறை’ என்று இருக்கவேண்டியதில் முதலெழுத்தின் வளைவு விடுபட்டு, ‘வருந்தினர் அறை’ என்று நின்றது. மற்ற இரண்டு மொழியிலும் ஒரு பிழை இல்லை. அறையைப் பூட்டித் திறப்பை ஸ்டேசன் மாஸ்டர் வைத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை கிண்ணியா ரபீக்கா கைக்குழந்தையோடு வந்தாள். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், பிள்ளையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஆம்பிளைகள் நிறைந்த மேடையில் பிள்ளை பாலுக்கு வீரிட்டுக் கத்த, அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள். குணமணியக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டேசன் மாஸ்டர் பாக்கியரத்தினத்தைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

“ஐயா, இதை ஒருக்கா வாசியுங்கோ.”

வாசித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வருந்தினர் அறை! நல்ல தமிழ்தான்.”

“வருத்தக்காரர் இருக்கிற அறை எண்டுதானே கருத்து? இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். திறப்பைத் தாங்கோ.”

“குணமணி, மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்லுறது?”

“பலகையிலை உள்ளபடி செய்தனான் எண்டு சொல்லுங்கோ.”

நல்ல மனிதர், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. இருந்தும் அன்றைக்குத் திறப்பைக் கொடுத்துவிட்டார், திருப்பிக் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் பெண்களுக்கெல்லாம் கோச்சி நேரம் பார்த்து வருத்தம் வந்தது. ஒருத்திக்குத் தலையிடி, ஒருத்திக்கு நாரிப்பிடிப்பு. “என்ன வருத்தமெண்டு யோசிச்சுக்கொண்டு வாங்கோடி” என்று குணமணியக்கா வாசலில் நின்றே சொல்லிக்கொடுப்பார்.

ஒரு மாதம் போயிருக்கும். மேலிடத்து விருந்தாளி ஒருவர் வந்து கதவைத் திறந்தால், மெத்தைக் கதிரை முழுக்கத் தாய்மார். அடுத்த நாளே பெயின்ரர் வந்துவிட்டார். ஒழுகும் குழாயைத் திருத்தித் தரச்சொல்லிக் குணமணியக்கா வருடக்கணக்காய்க் கெஞ்சியும் ஒருத்தரும் எட்டிப்பார்க்காத ஸ்டேசன் அது! விடுபட்ட வளைவைப் போடப்போகிறார் என்றுதான் நினைத்தோம். மனிதர் தமிழ் வரி முழுவதையும் வெள்ளைப் பெயின்றால் பூசி மூடினார். கதவுக்கும் புதுப் பூட்டு விழுந்தது.

கிளினிக்குக்குப் போக அன்றைக்கும் ரபீக்கா வந்திருந்தாள். “இனி நாங்க எங்க இரிக்கிற, அக்கா?” என்று கேட்டாள்.

குணமணியக்கா சேலைத் தலைப்பை விரித்துத் தாயையும் பிள்ளையையும் மறைத்துக்கொண்டு மேடையில் நின்றார். பிறகு பெயின்ரரையும் ஸ்டேசன் மாஸ்டரையும் பார்த்து, எல்லாருக்கும் கேட்கவே சொன்னார்:

“தமிழை மறைக்க உங்களுக்கு வாளி வாளியாய்ப் பெயின்ற் இருக்கு. இந்தப் பிள்ளையை மறைக்க ஒரு கதவு தர ஏலாதோ?”