குளத்துக்குப் போட்ட தரை

அம்பாங் சாலையில் நாங்கள் வாங்கிய பங்களாவில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. ரப்பர் விலை விழுந்த காலத்தில் தோட்டத்தை விட்டுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது. என் கணவர் கட்டட காண்ட்ராக்டர். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பாலம், பங்களா, ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று கட்டியவர். வீடு பார்க்கப் போன அன்று அவர் அறைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் குளத்தோரம் குந்தி உட்கார்ந்து உள்சுவரை விரலால் சுரண்டினார். சிமெண்டுப் பூச்சு மணல் மணலாகக் கையோடு வந்தது.

"இதுக்கு வெள்ளைப் பீங்கான் கல்லு பதிக்கணும்" என்றார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் நீந்தத் தெரியாது. குளம் நமக்கு எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. குடிவந்த கொஞ்ச நாளில், வைக்கோல் சுற்றிய வெள்ளைக் கற்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பதிக்க அவருக்கு நேரம் கிடைக்காமல் கார்க் கொட்டகையிலேயே கிடந்தன.

அதற்குள் டெங்கில் பக்கம் ஒரு பாலத்து வேலையில் சாரம் சரிந்து, மர உத்தரம் ஒன்று அவர் இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கால்கள் கொஞ்சம் அசைந்தன. ஆனால் உணர்ச்சி இல்லை. காலில் எறும்பு ஊர்ந்தால் நான் பார்த்துத் தட்டிவிட வேண்டும். வேலையிடத்தில் அத்தனை பேரை அதட்டி ஏவியவர், பிரம்பு நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர்தான் குளத்தைக் கவனித்தார்.

"தண்ணியில நிக்க வச்சுப் பாருங்கம்மா. ஒடம்புப் பாரம் கொறையும். காலு பழகினாலும் பழகும்."

என் கொழுந்தனாரும் தோட்டக்காரரும் குளத்தைக் கழுவி, இடுப்பளவு தண்ணீர் விட்டு, அவரை இறக்கினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். நிற்கவே மாட்டார் என்று நான் மனத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் நின்றார், ஒரு காலை இழுத்து முன்னால் வைத்தார்.

"அண்ணி, அண்ணன் நடக்குறாரு!" என்று கொழுந்தனார் கத்தினார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, தண்ணீர் நிறம் மாறுவதை உடனே கவனிக்கவில்லை. அவர் காலடியிலிருந்து மெல்லிய சிவப்பு ஒன்று மேலே வந்து கலைந்தது. தூக்கிப் பார்த்தால் இரண்டு உள்ளங்காலும், ஒரு முழங்காலும் சொரசொரத்த சிமெண்டில் தேய்ந்து தோல் உரிந்திருந்தன. அவருக்குத் தெரியவே இல்லை. ரத்தத்தை யாருடையதோ போலப் பார்த்தார்.

புண் ஆற நாளாயிற்று. தரையை மாற்றாமல் இனி இறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கல்லுதான் இருக்கே. பதிக்கச் சொல்லு" என்றார் என் கணவர்.

ஒரு சீனக் கொத்தனார் வந்தார். பெட்டியைத் திறந்து கல்லைத் தடவிப் பார்த்து, வழுக்கும் என்று மலாயில் சொன்னார்: "லிச்சின்." ஆனாலும் தவுக்கே, அதாவது முதலாளி, சொன்னால் பதிப்பேன் என்றார். வண்ணக் கல்லுத் துணுக்குகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, காய்ந்தபின் தேய்த்தெடுக்கும் மொசைக் தரையும் போடத் தெரியும் என்றார். எனக்கு அது சரியென்று பட்டது. சொன்னேன்.

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"தொரைங்க கிளப்புல குளம் கட்டுனது யாரு? நான். ஒவ்வொரு வெள்ளைக் கல்லையும் என் கையால தட்டிப் பாத்தேன். தண்ணி விட்ட அன்னைக்கு, வேலை முடிஞ்சிருச்சு, பின்வாசல் வழியா போங்கன்னாங்க. காலை நனைக்கக்கூட விடல. என் வீட்டுக் குளத்துல அந்தக் கல்லுதான் கெடக்கணும்."

இதை அவர் எனக்கு அதற்கு முன் சொன்னதே இல்லை. ஆனால் அவர் காலை அவரைவிட நான்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை.

முதலில் ஆழமில்லாத பக்கம் ஒரு பாய் அளவுக்கு மட்டும் கல் பதிக்கச் சொன்னேன். காய்ந்ததும் தண்ணீர் விட்டார்கள். பச்சை நிழல் விழுந்த தண்ணீருக்கு அடியில் அந்த வெள்ளை அழகாகத்தான் இருந்தது. அவர் நாற்காலியைக் குளத்தோரம் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு படியில் இறங்கினேன்.

"நீ எதுக்கு எறங்குற?"

"உங்க காலுக்குத் தெரியாதுங்க. என் காலு சொல்றதக் கேளுங்க."

அதுவரை அந்தத் தண்ணீரில் நான் கை நனைத்ததில்லை. குளிர்ச்சி நெஞ்சுக்கு ஏறியது. கல் பாதத்துக்கு இதமாக இருந்தது. அவர் சொன்னது சரிதானோ என்று நினைத்தபடி அடுத்த காலை வைத்தேன். வழுக்கியது. தலைக்குமேல் தண்ணீர் போயிற்று. புடவை காலைச் சுற்ற, எழுந்திருக்கப் பார்த்தால் மறுபடியும் வழுக்கியது. தவழ்ந்து தவழ்ந்து பழைய சிமெண்டைத் தொட்டபின்தான் ஊன்றி நிற்க முடிந்தது.

நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. அவர் தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தார். என்னைத் தூக்குவதற்காக, கால் வராத மனிதர், நாற்காலியிலிருந்து தன்னைத் தள்ளி விழுந்திருந்தார். அக்குளில் கை கொடுத்து அவரைப் புரட்டிச் சுவரோடு சாய்த்துப் பிடித்தேன். இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். கொழுந்தனார் ஓடி வருவதற்குள் அவருக்கு மூச்சுத் திரும்பிவிட்டது.

"நீ போயிட்டேன்னு நெனச்சேன்" என்றார். என் தோளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு, "உனக்குப் புடிச்சதையே போடு" என்றார்.

கொத்தனாரிடம் மொசைக்கில் மூன்று மாதிரிப் பலகைகள் செய்து வாங்கினேன். ஒன்று பாதி தேய்த்தது, ஒன்று இன்னும் கொஞ்சம் தேய்த்தது, கடைசியாக ஒன்று கண்ணாடி மாதிரி மெருகேற்றியது. மூன்றையும் தொட்டியில் ஊறப்போட்டு, பாசி லேசாகப் பிடித்த பிறகு ஏறி நின்று பார்த்தேன். அவர் காலை இழுப்பதுபோல என் முழங்காலை அழுத்தி இழுத்தும் பார்த்தேன். நடுப் பலகை தோலையும் கீறவில்லை, வழுக்கவும் இல்லை. மெருகு போடாமல் விட்டுவிடக் கொத்தனாருக்கு மனம் வரவில்லை. பளபளப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிறத்தை என் கணவரே தேர்ந்தெடுத்தார்: சாம்பல் சிமெண்டில் வெள்ளைத் துணுக்குகள். ரத்தம் வந்தால் அதில் தெரியும் என்றார்.

ரத்தம் வரவில்லை. காலை நேரங்களில் நானும் அவரோடு இறங்குவேன். முதலில் சுவரைப் பிடித்தும், பிறகு என் கையைப் பிடித்தும் அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்த் திரும்பினார். குளத்துக்கு வெளியே அவர் கடைசிவரை நடக்கவில்லை. அந்த ஆசையைத் தண்ணீர் எங்களுக்குக் கொடுத்துப் பின்பு மெல்ல எடுத்துக்கொண்டது. ஆனால் நாற்காலியில் பேசாத மனிதர் குளத்தில் பேசினார். தான் கட்டிய பாலங்கள், வேலையில் இறந்துபோன ஆட்கள், கடலில் வந்த முதல் பயணம் எல்லாம் சொன்னார். தண்ணீரில் நிற்கும்போது முகத்துக்கு முகம் நேராக இருக்கும். அதற்குமுன் அப்படி நின்று நாங்கள் பேசியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் மார்ச்சளி கண்டு அவர் போய்விட்டார். கருமாதி முடிந்ததும், குளத்தை மண் கொட்டி மூடிவிடலாமா அண்ணி என்று கொழுந்தனார் கேட்டார். வேண்டாம் என்றேன். ஆனால் திவசம் கழியும்வரை தண்ணீர் விடவில்லை. இலை விழுந்து காய்ந்து கிடந்தது.

பிறகு ஒரு நாள் நானே கழுவிக் குழாயைத் திறந்துவிட்டேன். நிரம்பியதும் தனியாக இறங்கி நடந்தேன். அவரோடு வழக்கமாகத் திரும்பும் இடம் வந்தது. நிற்காமல், கழுத்துவரை தண்ணீர் வரும் இடத்துக்குப் போனேன். அங்கேயும் தரை வழுக்கவில்லை, ஊன்றி நின்றேன்.