மீன்கடைக்கு வரும் டைரக்டர்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐஸ் குவியலில் கிடக்கும் ரோகு மீனின் கண்ணுக்கு நேரே குனிந்து நிற்கிறார் தீபங்கர் லாஹிரி. தொடமாட்டார். விலை கேட்கமாட்டார். மீன் ஏதோ சொல்லப்போகிறது என்பதுபோல நிற்பார். பிறகு நிமிர்ந்து, "இவர் சரியில்லை அண்ணை, நேத்து முழுக்க அழுதிருக்கிறார்" என்று அடுத்த மீனுக்கு நகருவார். லண்டன் வெம்பிளியின் சனிக்கிழமைக் கூட்டம் கூடையோடு அவருக்குப் பின்னால் காத்து நிற்கும். ஒருவரும் முணுமுணுப்பதில்லை. கடை முதலாளி சிவானந்தனுக்கு அதைப் பார்க்கத்தான் வயிறு எரியும்.

லாஹிரிக்கு எழுபது தாண்டிவிட்டது. நெடிய, மெலிந்த உடம்பு. மகளுடைய பழைய பச்சைச் சால்வையைக் கழுத்தில் சுற்றியிருப்பார். சட்டைப்பையில் வறுத்த பெருஞ்சீரகம். மீன் வாங்கி முடிந்ததும் ஒரு சிட்டிகை வாய்க்குள் போகும். இங்கிலீசோடு, சிவானந்தனின் மனைவி வசந்தமலர் கல்லாவில் இருந்தபடி பழக்கிவிட்ட யாழ்ப்பாணத் தமிழையும் கலந்து பேசுவார். அவளை 'பௌதி' என்று கூப்பிடுவார். வங்காளத்தில் அண்ணன் பெண்சாதிக்கு அதுதான் பெயராம்.

"என்னிலும் மூத்த மனுசன், என்னத்துக்கு என்னை அண்ணை எண்டு கூப்பிடுறான்?" என்று சிவானந்தன் ஒருநாள் கேட்டார்.

"மரியாதை தெரிஞ்ச மனுசன், கூப்பிடுறார். உங்களுக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் வசந்தமலர்.

குறைந்துதான் போயிருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து சிவானந்தன் விட்ட பகிடி ஒன்றுக்காவது அவள் லாஹிரியின் பேச்சுக்குச் சிரிப்பதுபோல வாய்விட்டுச் சிரித்ததில்லை. "குளத்து மீன் தின்னுறவனுக்குக் கடல் மீனின்ர ருசி தெரியுமோ?" என்று இவர் இடித்தால், "கடல் மீனை உப்பே சமைச்சுப்போடும் அண்ணை. ஆத்து மீனை மனுசன்தான் சமைக்கோணும்" என்று லாஹிரி சொல்லுவார். கல்லாப் பக்கமிருந்து சிரிப்புக் கேட்கும்.

சிவானந்தன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். குரோய்டனில் விசாவுக்கு வரிசையில் நின்று, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்து, விறைத்த விரலால் மீன் வெட்டப் பழகி, இன்றைக்கு வெம்பிளியில் இரண்டு கடையும் அவற்றின் பலகையில் தன் பெயருமாக இருப்பவர். ஒருவரும் கைகொடுத்துத் தூக்கவில்லை, தானாக எழும்பியவர். அப்பேர்ப்பட்டவரின் காலை இன்றுவரை யாரும் தொட்டுக் கும்பிட்டதில்லை. லாஹிரியின் காலைத் தொட்டார்கள். அதுவும் இவருடைய கடைக்குள்ளேயே.

கோட்டும் சூட்டுமாக வந்த ஒரு வங்காளிப் பெண் லாஹிரியைக் கண்டதும் கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, மீன் தண்ணீர் ஓடுகிறதென்றும் பாராமல் குனிந்து அவர் காலைத் தொட்டாள். "செருப்பில செதில் இருக்கு மகளே" என்று லாஹிரி காலைப் பின்னுக்கு இழுத்தார். அந்தப் பெண் தன் போனைச் சிவானந்தனிடம் நீட்டி, "அங்கிள், எங்கள் இரண்டு பேரையும் ஒரு படம் எடுங்கள்" என்று இங்கிலீசில் கேட்டாள். எடுத்தார். லாஹிரியின் தலை படத்துக்குள் வராமல் கவனமாக எடுத்தார்.

அன்றைக்குத்தான் சிவானந்தனுக்குக் கதை முழுக்கத் தெரிந்தது. லாஹிரி கல்கத்தாவில் ஒரு ஹோமியோபதி டாக்டரின் மகன். வாலிபத்தில் ஸ்டூடியோ வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டது முகத்துக்காக அல்ல. பெரிய கதாநாயகன் ஒருவருக்கு முழங்கால் வலி. படியேறவும் மழையில் ஓடவும், பின்னாலிருந்து பார்த்தால் அவரைப்போல இருக்கிற ஓர் ஆள் வேண்டியிருந்தது. சில வருடங்கள் லாஹிரியின் முதுகு மட்டும் சினிமாவில் நடித்தது. "என்ர அம்மா தியேட்டரில எழும்பி நிண்டு, அது என்ர பிள்ளை எண்டு கத்தினவ. சனம் இழுத்து இருத்திப்போட்டுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு பொலிஸ்காரன், பிக்பாக்கெட் என்று வேடங்கள் வந்தன. மாம்பழம் சூப்பிக்கொண்டே ஆட்களை மிரட்டும் வில்லனின் மைத்துனனாக நடித்த பிறகு தெருவில் நடக்க முடியவில்லை. அதோடு நில்லாமல் தானே நான்கு படங்களை இயக்கினார். ஒன்றுக்கு வெளிநாட்டில் பரிசு. மற்ற மூன்றும் ஒரு கிழமை தாங்கவில்லை. வீடு போயிற்று. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, டாக்டரான மகளோடு இருக்க லண்டனுக்கு வந்துவிட்டார்.

நாலில் மூன்று விழுந்தவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று சிவானந்தனுக்கு ஆறவில்லை. தன் இரண்டு கடையில் ஒன்றுகூட விழவில்லையே!

லாஹிரிக்குப் பழக்கம் விடவில்லை. கைக்கு அடக்கமான ஒரு கமராவை வைத்துக்கொண்டு பஸ் சாரதி, சலவைக்கடைக்காரி என்று சாதாரணச் சனத்தைச் சின்னச் சின்னப் படமாக எடுத்து, வருடத்தில் ஒருநாள் மண்டபத்தில் போட்டுக் காட்டுவார். 'அக்சன்' என்று சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ஆயத்தமாவதற்கு முன்பே கமரா ஓடிக்கொண்டிருக்கும்.

"அண்ணை, மீன் வெட்டுற ஆளைப் பற்றி உங்கட கடையில ஒரு படம் எடுக்கட்டோ?" என்று அவர் ஒரு சனிக்கிழமை கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் சிவானந்தனின் வாயிலிருந்து "ஓம்" வந்துவிட்டது. மறுநாளே விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வாசல்வரைக்கும் செய்தி போயிற்று: சிவானந்தன் படத்தில் கதாநாயகன். தலைக்கு மை பூசினார். போட்டுக்கொள்ள நீலத்தில் புதுச் சேட்டு வாங்கினார். ஊரில் கூத்துக்கு ராசா வேசம் கட்டியவர் அல்லவா!

அந்த ராசா வேசம்தான் காலை வாரியது. மீன் வெட்டும் பலகை சுவரோரம் இருக்கிறது; வெட்டுகிறவர் சுவரைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆனால் சபைக்கு முதுகு காட்டினால் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் பிரம்பு பேசும். அது சிவானந்தனின் உடம்பில் ஊறியது. கமரா இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் வந்தால் நெஞ்சை நிமிர்த்தி வலப்பக்கம் திரும்பினார்.

"அண்ணை, என்னைப் பாக்காதேங்கோ. மீனைப் பாருங்கோ. எனக்கு உங்கட முதுகு வேணும்."

"முதுகைக் காட்டவோ நான் சேட்டு வாங்கினனான்? நீங்கள் முதுகால பிழைச்ச ஆள். நான் முகத்தால பிழைச்சவன்!"

"ஓமோம், உந்த முகத்துக்குத்தான் சனம் வருகுது, மீனுக்கில்லை" என்றாள் வசந்தமலர் கல்லாவிலிருந்து. லாஹிரி கமராவோடு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். கமரா தன்னை விட்டுப் போகிறதே என்று சிவானந்தன் தலையைத் திருப்பி ஒரு ராசச் சிரிப்புச் சிரித்தபடியே கத்தியை இறக்கினார். கத்தி விரலில் இறங்கியது.

வசந்தமலர் தன் கழுத்தில் கிடந்த சால்வையை உருவிக்கொண்டு ஓடி வந்தாள். "ராசாவாம் ராசா! விரல் போனா ஆர் மீன் வெட்டுறது? இஞ்ச காட்டுங்கோ. நோகுதோ? கேக்கிறனெல்லே, வாயைத் திறவுங்கோ!" ஏசிக்கொண்டே கட்டினாள். கட்டிக்கொண்டே அழுதாள். லாஹிரி கமராவை நிறுத்தவில்லை.

படம் காட்டுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, கோயிலில் பழக்கமான மாதங்கி மீன் வாங்க வந்தாள். "என்ன சிவானந்தண்ணை, மலரக்காதான் கதாநாயகியாமே! நீங்கள் ரத்தம் விடுற ஆளாம்!" கடை முழுக்கச் சிரித்தது. வசந்தமலரும் சிரித்தாள்.

சிவானந்தன் அன்று மத்தியானமே கட்டுப்போட்ட விரலோடு லாஹிரியின் வீட்டு மணியை அடித்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே தொடங்கிவிட்டார். "விரல் வெட்டுப்பட்ட அந்தத் துண்டைப் படத்திலயிருந்து வெட்டி எறிய வேணும். கடை என்ர. பெண்சாதி என்ர. விரலும் என்ர. நாலு பேருக்கு முன்னால நான் தலை நிமிர்ந்து நடக்கிற ஆள்."

லாஹிரி லாப்டொப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "வேற பிரதி என்னட்ட இல்லை, அண்ணை. பாருங்கோ. பிடிக்கேல்லையெண்டா இந்தப் பொத்தானை அமத்துங்கோ. அழிஞ்சுபோம்."

சிவானந்தன் காயமில்லாத விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு பார்த்தார். முதலில் வந்தது ஒரு நீலச் சேட்டின் முதுகு. பிறகு வசந்தமலர். பகிடி விட்ட சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது. கண் மட்டும் சிரிப்பை விட்டுவிட்டுப் பலகைப் பக்கம் போயிற்று. கத்தி கீழே வரும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அதற்குள் அவள் கதிரையை விட்டுப் பாதி எழும்பியிருந்தாள்.

சிவானந்தன் படத்தைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தார். இப்படி ஒரு முகம் அவளிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. இந்த மனுசன் எத்தனை சனிக்கிழமை இதைப் பார்த்தானோ!

"நல்லா வந்திருக்கோ?" என்று லாஹிரி பக்கத்தில் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

சிவானந்தன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். லாப்டொப்பை இரண்டு கையாலும் பிடித்து, லாஹிரிக்குத் தெரியாதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.