பவுடர் போட்ட தண்டவாளம்

கடைக்குக் கிளம்புமுன் மனைவியின் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, தனியறை மேசைமேல் கிடக்கும் பொம்மை ரயிலின் குட்டித் தண்டவாளத்தில் மெலிசாகத் தூவுவார் கீழ்வீட்டு ரயில் டிரைவர். தூவிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவார். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்ப்பார். பவுடரில் சக்கரத் தடம் இருக்கும்.

"எவனோ நம்ம வண்டிய ஓட்டுறான் சார். வெளியாள் இல்ல, உள்ளயே புழங்குறவன்" என்று சொல்லிக்கொண்டே என் விரல் நுனியைப் பார்ப்பார். நான் மாடியில் குடியிருக்கிறேன். சந்தேகப்பட அது போதாதா? அவர் மச்சான் வந்தால் இன்னும் மோசம். மச்சான் கிளம்பும்வரை அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சு என்னவோ குடும்ப விஷயம்தான், கண் மட்டும் மச்சானின் கையில்.

அவர் கவலையிலும் நியாயம் உண்டு. காலமெல்லாம் அவர் ஓட்டிய பழைய ரக மின்சார ரயில் அவரோடு சேர்ந்தே ரிட்டையர் ஆனது. அத்தனையையும் உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்று. அச்சு அசலாக மிஞ்சியது இந்த மாடல்தான். செய்து கொடுத்தவர்களும் இப்போது கையை விரித்துவிட்டார்கள். மோட்டார் கருகினால் மாற்றுக் கிடையாது.

அவர் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. தையல் கம்பெனிக்குப் போன காலத்தில் தினமும் இவர் வண்டியில்தான் போவாராம். "எவ்வளவு கூட்டமா இருந்தாலும் பெண்கள் பெட்டிக் கதவு ஸ்டேஷன் படிக்கட்டுக்கு நேரா வந்து நிக்கும். நான் ஓடி வரவேண்டாம்னு இவர் பண்ற வேலை. அதுக்கு மெமோகூட வாங்கினார்" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். "இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார் டிரைவர்.

போன வாரம் பொறுமை போய், அறைக்கே பூட்டுப் போடுவதென்று முடிவு கட்டினார். கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை போலும். இருப்பதிலேயே பெரிய பூட்டாக வாங்கி வந்தோம். வந்து பார்த்தால் தெருவில் கரண்ட் இல்லை. ஷெட்டில் நிற்கவேண்டிய வண்டி குட்டி ஸ்டேஷனில் நின்றிருந்தது.

"பாருங்க, கரண்ட் போனதும் அப்படியே போட்டுட்டு ஓடிட்டான்!" என்று குனிந்தவர் நிமிரவே இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன். பெண்கள் பெட்டியின் கதவு, மயிரிழை பிசகாமல், படிக்கட்டுக்கு நேராக நின்றது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, பவுடர் தீர்ந்துபோச்சா? அலமாரியில இன்னொரு டப்பா இருக்கு."

டிரைவர் பையிலிருந்த பூட்டை எடுத்து, சாவியோடு சேர்த்து, என் கையில் திணித்தார்.