ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி ஸ்கீ

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்ரஹாரத்தில் என் அறைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் வரவில்லை. உட்காரக்கூட இல்லை, லேப்டாப்பைத் திறந்து கட்டில் மேல் வைத்துவிட்டுக் கேட்டார்கள் – பனியில் சறுக்கிப் போக எந்த ஸ்கீ வாங்கலாம்?

மைசூரில் என்னிடம் யாராவது இதைக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இங்கே பனி என்றால், மார்கழிக் காலையில் ஸ்கூட்டர் சீட் ஈரமாக இருப்பது. அவ்வளவுதான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லாரி, ஹோட்டல், கட்டட வேலை என்று வடக்கே போய், சில குளிர்காலங்கள் காஷ்மீரில் ஸ்கீ வாடகைக்கு விடும் ஒரு கடையில் இருந்தேன். ஸ்கீக்கு மெழுகு தேய்ப்பது, பூட்ஸ் காயவைப்பது, வருகிறவர் காலில் மாட்டிவிடுவது. படுக்கையும் அங்கேயேதான். ஊரார் கால் நுழைத்த பூட்ஸுக்கு நடுவே தூங்கியவனுக்கு அதன் பிறகு எந்த நாற்றமும் நாற்றமில்லை. இப்போது மண்டி மொஹல்லாவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை.

வந்தவர்களில் பிரபு, ஹெப்பாளில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறவர். அவர் மனைவி ஜெசிந்தா, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அவர் நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது இவர் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார். வாசற்படியில் சந்தித்துக்கொள்ளும் குடும்பம். வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு. அந்த வாரத்தில் மூன்று வருஷமாகக் காஷ்மீருக்குப் போகிறார்கள். பனிச்சறுக்கு.

போன வருஷம் பிரபு விழுந்தார். முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. ஆபரேஷன், வாக்கர், பிசியோதெரபி... டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். அப்படித்தான் எங்கள் கடைக்கு வந்தார். சைக்கிள் வாங்க வந்தவரிடம் பேச்சோடு பேச்சாக நான் ஸ்கீ கடைக் கதையை அவிழ்த்துவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே?

இப்போது விஷயம் இது. ஜெசிந்தாவின் அண்ணன் கனடாவிலிருந்து லீவில் வருகிறார். தங்கைக்காக ஸ்கீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்கிறார். ஆனால் குழந்தைகள், பெட்டிகள் எல்லாம் போக ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம். ஒரு ஜோடி. போகிறவர்கள் ரெண்டு பேர்.

பிரபு லேப்டாப்பில் ஒன்றைக் காட்டினார். படகு மாதிரி அகலம். எல்லாப் பனிக்கும் ஆகும் என்று எழுதியிருந்தது. இதையே ரெண்டு பேருக்கும் நடுவாந்திரமான நீளத்தில் வாங்கிவிட்டால் காலையில் அவர், மத்தியானம் இவர்... எப்படி?

இது நம்மவர்கள் மட்டுமே போடக்கூடிய கணக்கு. ஒரு குடையில் மூன்று பேர் போனவர்கள் நாம். அக்காவின் ஸ்வெட்டரைத் தம்பி போட்டான், தம்பியின் சைக்கிளை அப்பா ஓட்டினார். யாருக்கும் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை, ஆனாலும் எல்லோரும் போய்ச் சேர்ந்தோம். அதே பழக்கத்தில் ஸ்கீயையும் பொதுவில் வைக்கப் பார்க்கிறோம்.

ஸ்கீ அப்படி வராது. சொன்னேன். பிரபு தொண்ணூறு கிலோவை நெருங்குகிறவர், ஜெசிந்தா ஐம்பத்தைந்து இருப்பார். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துக்கொள்ளும் பூட்டு ஒன்று உண்டு. பைண்டிங் என்பார்கள். விழும்போது அது தானாகக் கழன்று காலை விட்டுவிட வேண்டும். ஆளின் எடைக்கும் ஓட்டும் விதத்துக்கும் தக்கபடி அதைத் திருகி வைப்பார்கள். பிரபுவுக்கு வைத்த திருகில் ஜெசிந்தா விழுந்தால் அது கழலாது, கால்தான் திருகும். அவருக்கு வைத்ததில் இவர் போனால், விழாமலேயே பாதி வழியில் கழன்றுகொள்ளும். மத்தியான அவசரத்தில் ஒரு நாள் மாற்றி வைக்க மறந்தால்?

சரி, அகலம்? மலையில் ராத்திரி பனி பெய்தால் காலையில் அது மாவு மாதிரி இருக்கும். அதில் அகலமான ஸ்கீ மிதக்கும், குறுகலானது மூக்கைக் கொடுத்துப் புதையும். ஆனால் அந்த மாவு எவ்வளவு நேரம் இருக்கும்? ஊரே அதன் மேல் ஓடி, மத்தியானத்துக்குள் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். வெயிலில் நனையும். சாயங்காலம் இறுகிக் கண்ணாடியாகும். அந்தக் கண்ணாடியில் படகு அகல ஸ்கீயை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்க்க முழங்கால்தான் மெனக்கெட வேண்டும். வீடியோக்காரர்கள் காலையைத்தான் படமெடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலக் கோஷ்டி.

அதனால் நடுவில் ஒன்று எடுக்கச் சொன்னேன். பாதத்துக்குக் கீழே ஏறக்குறைய நூறு மில்லிமீட்டர் அகலம். மூக்கு நன்றாக மேலே வளைந்திருக்க வேண்டும், அது மெத்துப் பனிக்கு. பாதத்தின் கீழ் லேசான வில் வளைவு, அது கெட்டிப் பனியைக் கடிக்க. ரொம்ப லேசானது வேண்டாம், உழுத பனியில் தூக்கித் தூக்கிப் போடும். நீளம் – அதற்கு முதலில் ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

யாருக்கு?

ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. "பிரபுவுக்கே எடுத்துடலாம்ணா. பெருசா, அகலமா. காலுக்குக் கீழ கெட்டியா ஏதோ இருக்குன்னு தைரியமாவது வரும். நான் வாடகைக்கு எடுத்துக்கறேன்."

"பேடாம்மா, உங்க அண்ணன் உனக்கு வாங்கறாரு" என்றார் பிரபு.

"சும்னிரு. பத்து மாசம் நொண்டினது நானா நீயா?"

வேண்டாம் என்பதும் சும்மா இரு என்பதும் அவர்கள் வீட்டில் கன்னடத்தில்தான் வரும். கோபம் வந்தால் மட்டும் அதுவும் தமிழில்.

நான் ரெண்டு பேரையும் பார்த்தேன். ஜெசிந்தா ஓட்டும் வீடியோவைப் பிரபு எனக்குக் கடையிலேயே பல தடவை காட்டியிருக்கிறார். அந்த அம்மா மெத்துப் பனியில் இறங்குவது, சமையலறையில் நடமாடுவது மாதிரி அலட்டிக்கொள்ளாத காரியம். பிரபு ஓட்டும் வீடியோ ஒன்றுகூட அந்த போனில் இல்லை.

காஷ்மீர்க் கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. 'நன்றாக ஓட்டுவீர்களா?' என்று யாரையும் கேட்க மாட்டோம். கேட்டால் எல்லோரும் பொய் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை... பக்கத்தில் மனைவி நிற்பாள், மச்சான் நிற்பான். அதனால் வேறு மாதிரி கேட்போம். கேபிள் காரில் மேலே போகும்போது எதைப் பார்ப்பீர்கள்? இறங்க ஆசைப்படுகிறவன் சரிவைப் பார்ப்பான். சுமாரானவன் அடுத்தவன் ஓட்டுவதைப் பார்ப்பான். பயந்தவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருப்பான். பதிலுக்குத் தக்கபடி ஸ்கீயை எடுத்து நீட்டுவோம்.

அதைத்தான் பிரபுவிடமும் கேட்டேன். இது சோதனை என்றெல்லாம் சொல்லவில்லை. நீளம் முடிவு பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பிரபு லேப்டாப்பை மூடினார்.

"கண்ண மூடிக்குவேன்ணா."

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தார். "தூங்கறேன்னு சொன்னியே. குளிர்ல தூக்கம் வருதுன்னு."

"கேபிள் கார்ல யாருக்காவது தூக்கம் வருமா?"

"விழுந்ததுக்கு அப்புறமா இப்படி?"

"அதுக்கப்புறம்தான் போகவே இல்லையே. மொதல் வருஷத்துலேர்ந்தே இப்படித்தான்."

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. அறையோ ஒன்றே ஒன்று. அவர்களைத் தாண்டித்தான் கதவு. குடத்துத் தண்ணீரை ஊற்றிக் குடிப்பதுபோல் பாவனை செய்தேன்.

ஜெசிந்தா சத்தம் போடவில்லை. நர்ஸ் அல்லவா, வார்டில் பேசும் குரலிலேயே கேட்டார் – "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போக மாட்டே. அந்த ஒரு வாரத்துலதான் உன் மூஞ்சி மூஞ்சியாட்டம் இருக்கு. நான் வரலைன்னா நீயும் வரமாட்டே... எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மா மெல்லத் தலையை ஆட்டினார். உண்மைதான் போல.

யோசித்துப் பாருங்கள். பயத்தோடு மூன்று வருஷம் மலை ஏறியிருக்கிறார் ஒருவர், பக்கத்தில் இருப்பவளின் சந்தோஷம் கலையக் கூடாது என்று. அவரது தைரியத்துக்காகத் தன் ஸ்கீயை விட்டுக்கொடுக்கிறார் இன்னொருவர். ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, கடைசியில் யாருக்கும் பொருந்தாத ஒரு அளவில் வந்து நிற்கிறார்கள். குடும்பங்களில் நிறைய முடிவுகள் இந்த நடுவாந்திர நீளத்தில்தான் எடுக்கப்படுகின்றன. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது எனக்கு. யாரையும் குறை சொல்லவில்லை... அலுப்பு, அவ்வளவுதான்.

அதன் பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. ஜெசிந்தாவைச் சுவரோடு நிற்கச் சொன்னேன். பாதத்திலிருந்து நெற்றிப் பொட்டு வரை – அதுதான் நீளம். மெத்துப் பனியில் போகிறவர் என்பதால் புருவத்துக்குக் குறையக் கூடாது. அகலம், நான் முன்பே சொன்ன நூறு. அவர் பூட்ஸைக் கொண்டு போய்க் காஷ்மீரிலேயே பைண்டிங்கைத் திருகி வைக்கச் சொன்னேன். அவர் எடைக்கு. அவர் ஒருவர் எடைக்கு மட்டும். பிரபு அந்த அளவுகளை அப்படியே கனடாவுக்கு மெசேஜ் அனுப்பினார். பெரிய பாரம் இறங்கியவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து, அறை வெக்கையாக இருக்கிறதே என்று அப்போதுதான் சொன்னார்.

ஜெசிந்தா செருப்பு மாட்டும்போது தலையைத் தூக்காமல் பேசினார்.

"வரத்தான் வேணும் நீ. மேல வேண்டாம். நான் எறங்கற எடத்துல நில்லு. மீட்டிங்னு போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. பாத்துக்கிட்டு நிக்கணும்."

"கண்ண மூடிக்கலாமா?"

"அடி வாங்குவே."

படியிறங்கிப் போனார்கள். பிரபு ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்த முழங்கால் இன்னும் முழுதாக வரவில்லை. ஜெசிந்தா ரெண்டு படி முன்னால் நின்று நின்று போனார், கை கொடுக்காமல்.

சறுக்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு வேர்க்கும். குளிர் முழுக்க அடிவாரத்தில் நிற்பவனுக்குத்தான் – பிரபுவுக்கு ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.