ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் என் சான்றிதழும்

போன வருடம் ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, தொழில்நுட்பக் கல்லூரியின் அறிவித்தல் பலகையில் என் பெயரைக் கண்டேன். இறுதிப் பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியல் அது. வகுப்பு வரவு போதாது என்று போட்டிருந்தது. பரீட்சைக்கு மூன்றே கிழமைதான் இருந்தது.

நான் கொக்கிளாயைச் சேர்ந்த ஜெசிந்தா. இரண்டு பிள்ளைகளின் தாய். இனி வலை இழுக்கக் கூடாது என்று என் கணவருக்கு டொக்டர் சொன்ன பிறகுதான், குளிரூட்டி திருத்தும் வகுப்பில் தை மாதம் சேர்ந்தேன். கட்டணத்துக்குத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் பஸ் காசுக்கு வழியில்லாமல் இடையில் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. சான்றிதழோடு வந்தால் ஐஸ் அறையில் வேலை தருவதாக மீனவர் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். என் வீட்டின் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு கடதாசியில்தான் இருந்தது.

பிறகு எப்படி வரவு குறைந்தது? வகுப்பு சனியும் ஞாயிறும். எங்கள் கரையில் ஞாயிறு என்றால் மீன்பிடி வள்ளமே கடலில் இறங்காது. தேவாலயத்தின் காலைப் பூசையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பாதி ஞாயிறுகள் போகவேயில்லை. எங்கள் போதனாசிரியை வற்றாப்பளையைச் சேர்ந்தவர், என்னைவிட இளையவர். அவர் இரண்டு முறை காரணம் கேட்டார். கோயிலுக்குப் போனேன் என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று நினைத்து, காய்ச்சல் என்று சமாளித்தேன். மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்.

பட்டியலைக் கண்ட அன்று வகுப்புக்குள் போகவில்லை. நேரே டவுன் கோயிலுக்குப் போய் நற்கருணைக்கு முன் விழுந்து அழுதேன். செபம் இல்லை, சண்டை. உமக்காகத்தானே போகாமல் நின்றேன், இப்படியா செய்வீர் என்று கேட்டேன். அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடும் என்று கெஞ்சினேன். அழுது அழுது களைத்துப்போன பிறகு ஒன்றே ஒன்றுதான் மனதில் நின்றது. போய் உண்மையைச் சொல். எனக்கு அது பிடிக்கவேயில்லை. ஆனாலும் எழும்பினேன்.

வாசலில் அந்தக் கோயிலின் பங்குச் சுவாமி நின்றார். பூசைக்காகத்தான் வகுப்புக்குப் போகவில்லை என்று கல்லூரிக்கு ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்டு, நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பிள்ளை, இஞ்ச சனி பின்னேரம் வைக்கிறது ஞாயிறுப் பூசைதானே. சனி வகுப்பு முடிஞ்சு அதுக்கு வந்திட்டு, ஞாயிறு வகுப்புக்குப் போயிருக்கலாமே.”

எனக்குத் தெரியாது. ஊரில் ஞாயிறு காலைப் பூசை மட்டுமே கண்டவள் நான். ஐந்து மாதமாக ஒவ்வொரு சனியும் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். அவர் எழுதித் தந்த கடிதத்தை வெட்கத்தோடு வாங்கிக்கொண்டேன்.

கடிதத்தோடு போதனாசிரியையிடம் போனேன். காய்ச்சல் பொய்யையும் சொன்னேன்.

“ஏனக்கா முதலே சொல்லேல்லை? எங்கட ஊர் அம்மன்ர பொங்கலுக்கு நானும் லீவு எடுக்கிறனான். ஆனா எழுதிக் குடுத்திட்டுத்தான் எடுக்கிறது” என்றார் அவர். தவறிய செய்முறை நாட்களைக் கிழமை நாட்களில் ஈடுசெய்ய விடலாம், ஆனால் கல்லூரி அதிபர் சம்மதிக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் அன்றே போய்க் கேட்டார்; அதிபரோ யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

நான்கு நாள். சோறு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். இந்த முறை ஆண்டவரோடு பேரம் பேசவில்லை. என்ன வந்தாலும் தாங்கப் பெலன் தாரும் என்று மட்டும் கேட்டேன். புதன்கிழமை மத்தியானம் போதனாசிரியை பேசினார். “நாளைக்கே வாங்கோ அக்கா.”

குசினி அடுப்படியில் முழங்காலில் நின்று அழுதேன். கணவர் பயந்து ஓடி வந்தார்.

ஒன்பது நாள், போதனாசிரியை தன் ஓய்வு நேரத்தில் வேலைக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தார். பரீட்சை எழுதினேன். சித்தியும் அடைந்தேன். இன்று ஐஸ் அறையின் இயந்திரம் என் பொறுப்பில் ஓடுகிறது. ஆண்டவருக்கு நன்றி. தன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே எனக்காக ஓடித் திரிந்த அந்தத் தங்கைக்கும் நன்றி.

படிக்கப் போய்ப் பாதியில் தவிக்கும் யாராவது இதை வாசித்தால், நம்பிக் கேளுங்கள். செபித்துவிட்டு எழும்பிப் போய் மனிதரிடமும் வாய் திறந்து கேளுங்கள். நான் ஐந்து மாதம் ஒருவரிடமும் கேட்காமல், ஆண்டவர் கைவிட்டார் என்று அழுதவள். அவர் அத்தனை நாளும் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.