லுப்பெர்கஸின் கையில் ஒரு கத்தி

நீல அணிக்குத் தேர் ஓட்டிய லுப்பெர்கஸ் எத்தனையோ பந்தயங்களில் ஜெயித்தான். யாருக்கும் ஞாபகமில்லை. ஒரே ஒருமுறை திருப்பத்தில் கவிழ்ந்தான். ரோமாபுரியில் பாதி வீடுகளின் இறவாரத்துக்கு அடியில் இன்னும் கவிழ்ந்துகொண்டே இருக்கிறான்.

காரணம் அரெஸ்கூசா. ஆற்றங்கரையில், வீட்டுச் சுவரில் பதிக்கும் சுடுமண் சிற்பப் பலகைகளுக்குப் பட்டறை வைத்திருக்கும் அம்மாள். எதிரியான பச்சை அணியின் தேர் நான்கு குதிரைகளோடு பாய, அவற்றின் காலடியில் லுப்பெர்கஸ் மல்லாந்து கிடப்பதாக ஒரு அச்சு செய்துவைத்தாள். ஈரமண்ணை அதில் அழுத்தி எடுத்து, சுட்டு, வண்ணம் பூசினால் தீர்ந்தது வேலை. வசதியான வீடுகளில் ஒரே சுவரில் பத்துப் பன்னிரண்டு லுப்பெர்கஸ்.

விழுந்ததை அவன் மறுக்கவில்லை. கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவன் கவிழ்ந்தால் குதிரைகள் இழுத்தே கொன்றுவிடும். இவன் புழுதியில் இழுபட்டபடியே கத்தியை உருவி, வாரை அறுத்துப் பிழைத்தவன். அதைத்தான் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தக் கத்தி ஊருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதே அவனுடைய மிச்ச வாழ்க்கையாகிப் போனது.

நொண்டிக்கொண்டே பட்டறைக்குப் போனான்.

"யக்கா, என் கையில ஒரு கத்தி வச்சுக் குடு."

"எதுக்கு? வெங்காயம் நறுக்கவா?"

"வாரை அறுத்துத் தப்பிச்சவன் நான். என்னமோ தூங்குறவன் மாதிரி போட்டு வச்சிருக்க."

"கெடந்தாத்தான் தம்பி நீ அழகு."

அச்சில் இருப்பதை அழிப்பது கஷ்டம், சேர்ப்பது சுலபம். குழியாகக் கீறினால் பலகையில் புடைத்து வரும். தினமும் வந்து வாசலை மறிக்கிறவனோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல் என்று கீறிவிட்டாள்.

புதுப் பலகைகள் சுவரேறின. ஊர் அண்ணாந்து பார்த்தது. லுப்பெர்கஸின் கையில் கத்தி; கத்திக்கு நேர் மேலே பச்சை அணிக் குதிரையின் வயிறு.

"விழுந்து கெடந்தும் குதிரையக் குத்தப் பாத்திருக்கான்யா, படுபாவி."

பச்சைக்காரர்கள் திட்டுவதற்கென்று வாங்கினார்கள். நீலக்காரர்கள் பெருமைக்கு வாங்கினார்கள். லுப்பெர்கஸ் பதறிப்போய் மறுபடி ஓடினான்.

"அந்தக் கத்திய எடுத்துடு, யக்கா."

"இப்பவா? சூளை ஆற நேரமில்லாம விக்குது" என்றாள் அரெஸ்கூசா.

அன்று சாயங்காலம் மதுக்கடையில் இடுப்பு, வார், கத்தி என்று ஆரம்பத்திலிருந்து விளக்கிப் பார்த்தான். யார் கேட்டார்கள்? ஆனால் அன்றுதான் முதன்முதலாக அவனுக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். கொண்டைக்கடலைக் கிண்ணம் தானாக அவன் பக்கம் வந்தது.

பக்கத்துத் தெருக் கசாப்புக்காரன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணே, நெசமாவே குத்தினீங்களா?"

லுப்பெர்கஸ் வாயிலிருந்த கடலையை மென்று முடித்தான்.

"குறி தப்பிடுச்சு" என்றான்.