செம்பூர்க் களிமண்ணும் பஞ்சுவின் கத்தரிக்காயும்

பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்த பஞ்சு, ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. ரங்கூனில் குண்டு விழுந்ததும், அடுத்தது தன் சமையலறையில்தான் என்று தீர்மானித்துப் பாலக்காட்டுக்கு ரயிலேறிய அவர் மனைவி ஷ்யாமளா, ஒன்றரை வருஷமாகியும் திரும்பவில்லை. தெருவில் மற்றப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். "வாயில் வைக்க ஒரு நல்ல காய் கிடைக்காத ஊரில் வந்து நான் என்ன செய்ய?" என்று எழுதியிருந்தாள்.

காய்தானே தடை? பஞ்சு கடிதத்தை அப்படித்தான் படித்தார். சண்டைக் காலம், தரிசிலெல்லாம் காய்கறி போடச் சொல்லி சர்க்கார் கெஞ்சிக்கொண்டிருந்தது. 1943 ஜூனில் செம்பூரில் கொஞ்சம் களிமண் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி நட்டார். பாலக்காட்டு ரத்தம் சும்மா இருக்குமா? நட்ட கையோடு நாலு பக்கமும் வரப்புப் போட்டார். பம்பாய் மழை பத்தே நாளில் அந்தத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தது.

பக்கத்து நிலத்தில் வெண்டை போட்டிருந்த வெயிலுமுத்து எட்டிப் பார்த்தார். தாராவியில் தோல் பதனிடும் வேலை. பிறந்தது கோவில்பட்டிக் கரிசலில்.

"என்ன சாமி, செடியள முக்கிக் கொல்லுதீக?"

"எங்க ஊர்ல வரப்பு போடாதவனைக் கிருஷிக்காரன்னே ஒத்துக்கமாட்டா, தெரியுமோ?"

"உங்க ஊர்ல நெல்லு. கத்தரி வேரு மூச்சு விடணும்லா? இந்த மண்ணு குடிச்ச தண்ணிய விடாது சாமி. நீங்கதான் வெளிய போக வழி காட்டணும்."

பஞ்சு காட்டவில்லை. ஆகஸ்டில் செடிகள் வேரழுகிப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த கோடையில் வரப்பை வெட்டியெறிந்தார். ஓடைப் பக்கம் சரிவு பார்த்து முழங்காலளவு வடிகால் பள்ளம் தோண்டி, தாராவிச் சூளைகளில் வெடித்த பானை ஓடுகளை அடியில் பரப்பி மண் மூடி, இடையிடையே உயரமாகப் பார் கட்டி நட்டார். தோளில் ஓட்டுச் சாக்கோடு குர்லாவில் வண்டி மாறுவதை அவரோடு மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். ராத்திரி இலை போட்டதும் ஆரம்பித்தார்கள்.

"என்ன ஓய், உடைஞ்ச பானையும் கையுமா அலையறீர்? யாருக்குக் காரியம்?"

பஞ்சுவும் சிரித்தார். அன்றைக்கு மோருக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

அந்த வருஷ மழை சமர்த்தாக ஓடையில் போய் விழுந்தது. முதல் பறிப்பே ஆறு கூடை! ஷ்யாமளாவுக்கு நாலு பக்கம் எழுதினார். சரிவு எத்தனை அங்குலம், ஓடு எத்தனை சாக்கு, எல்லாம். கடைசி வரியில், எப்போது வருகிறாய் என்று.

கார்டு வந்தது. "சௌக்கியம். கத்தரிக்காய் இங்கேயும் காய்க்கிறது."

மெஸ்ஸில் மூன்று வாரம் கத்தரிக்காய்க் கூட்டு, கத்தரிக்காய்க் கறி. பஞ்சு உட்கார்ந்தால் பெஞ்சு காலியாயிற்று. அடுத்த பறிப்பின் கூடைகளை நிலத்திலேயே வெயிலுமுத்துவின் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க வச்சுக்கோங்கோ."

"அம்மா எப்ப வாராக, சாமி?"

"வடிகால் வாய் அடைச்சிண்டிருக்கு. குத்தி விட்டுட்டு வரேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டு பஞ்சு மழையில் இறங்கினார்.

வடிகால் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து அதைப் பார்த்துவிட்டு, கூடைகளைச் சாக்கால் மூடினார்.